மூன்றாவது பதில்

பியூலா கல்லூரிப் படிக்கட்டுகளை ஓட்டமாக ஏறி வந்தாள். அவளுக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஒருவன் வந்தான். கணிதத் துறை வராந்தாவில் நின்றிருந்த ஜெசிந்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்கள்ல யாருக்கு இதய நோய்?"

"எனக்குத்தான் டீச்சர்," என்று பியூலா தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். "உள்ள பம்பு ஓடுது. இந்தா பின்னால தவழ்ந்து வாரான் பாருங்க, இசக்கிராஜா. இவன் எழுதுன புரோகிராம்லதான் ஓடுது."

பியூலா தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகின் மாலுமி. மலை மாதிரி வந்து நிற்கும் சரக்குக் கப்பல்களை வடம் கட்டி இழுத்துக் கரை சேர்ப்பது அவள் வேலை. ஒரு விஷக் காய்ச்சல் வந்து இதயத் தசை பலவீனமாகிவிட, மருத்துவர்கள் உள்ளே ஒரு துணைப் பம்பை வைத்தார்கள். அந்தப் பம்பு எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவது. படுத்திருந்தாலும் நடந்தாலும் அதற்கு ஒன்றுதான். பியூலா வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

பம்பு செய்யும் சிறிய நிறுவனத்தில் பொறியாளனாக இருந்த இசக்கிராஜா அதற்கு ஒரு புது நிரல் எழுதினான். அது அவள் நடப்பதை, படியேறுவதை, தூங்குவதைக் கவனித்துக் கற்றுக்கொண்டு, தேவைக்கேற்பப் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தது. பியூலா எழுந்து நடந்தாள். பிறகு ஓடினாள். கடைசியில் துறைமுகத்துக்குப் போய், என் படகை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டாள்.

வினை அங்கேதான் வந்தது. பம்பின் நிரலுக்குச் சான்று எங்கே என்று துறைமுகம் கேட்டது. உயிரோடு சம்பந்தப்பட்ட எந்த நிரலும் துலாக்கோலின் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். துலாக்கோல் என்பது நிரல்களை எடைபோடும் ஒரு பெரிய நிரல். எதை அதனிடம் கொடுத்தாலும், அது இனி எக்காலத்திலும் தீங்கு செய்யுமா என்று பார்த்து, 'பாதுகாப்பு', 'ஆபத்து' என்ற இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்லும். இசக்கிராஜாவின் நிரலுக்கு அது சொன்ன பதில், ஆபத்து.

"ஒரு மாசத்துக்குள்ள என் புரோகிராமக் கழட்டிட்டுப் பழசப் போடணுமாம் மேடம்," என்றான் இசக்கிராஜா. "என் லைசென்ஸையும் பிடுங்கிட்டாவ. ஆபத்தான புரோகிராம மனுஷ உடம்புல ஓட்டுனேன்னு கேஸு வேற. தீர்ப்பாயத்துல அப்பீல் போட்டிருக்கோம், நீங்கதான் வந்து பேசணும்."

"எந்த இடத்துல தப்புன்னு சொல்லிச்சா?"

"அது காரணம் சொல்லாது மேடம். பதில் மட்டுந்தான்."

ஜெசிந்தா அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். துலாக்கோல் வருவதற்கு முன் அவள் அரசின் நிரல் ஆய்வாளராக இருந்தவள். வரி வரியாகப் படித்து, கணக்குப் போட்டு நிரூபித்து, கையெழுத்துப் போட்டவள். துலாக்கோல் வந்ததும் ஆய்வாளர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவள் இந்தக் கல்லூரியில் கணிதம் கற்பிக்க வந்துவிட்டாள்.

"எல்லா புரோகிராமுக்கும் சரியான பதில் சொல்ற இயந்திரம்னு ஒண்ணு இருக்கவே முடியாது, இசக்கி," என்றாள். "இன்னும் யாரும் கண்டுபிடிக்கலைன்னு சொல்லல. முடியாது. கணக்கிலயே முடியாது."

"அது நானும் காலேஜ்ல படிச்சதுதான் மேடம். ஆனா இதுவரைக்கும் அது எதையும் தப்பாச் சொன்னதில்லைன்னு சொல்லுதாவளே?"

"ஆபத்துன்னு சொன்னத எல்லாம் ஓட்டாமலே தூக்கிப் போட்டுட்டோம். தப்பாச் சொல்லிச்சா, சரியாச் சொல்லிச்சான்னு யாரு பாத்தா?"

இசக்கிராஜா வாயைத் திறந்தான். 

அதற்குள் பியூலா மேஜை மேல் முன்னால் சாய்ந்தாள். "டீச்சர், கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். ஜெயிப்பீயளா?"

"ஜெயிப்பேன்," என்றாள் ஜெசிந்தா. அதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஜெயித்த பிறகு என்ன ஆகும் என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

நிரல் தீர்ப்பாயம் மதுரையில் இருந்தது. நடுவர் சங்கரவடிவு நிதானமான பெண்மணி. புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டும் பழக்கம் அவரிடம் கிடையாது. எதிர்ப்பக்கம் துலாக்கோலை உருவாக்கிய நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஆதிமூலம் உட்கார்ந்திருந்தான். அவனும் ஜெசிந்தாவும் சென்னையில் ஒன்றாகப் படித்தவர்கள். தேர்வில் அவள் முதலிடம் என்றால் அவன் இரண்டாமிடம், அடுத்த முறை மாறியிருக்கும். அவளைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை.

ஜெசிந்தா மேஜை மேல் ஒரு சிறிய சிவப்பு விளக்கை வைத்தாள்.

"அம்மா, நான் ஒரு புரோகிராம் எழுதியிருக்கேன். ரொம்பச் சின்னது. இது இந்த விளக்கை என்னைக்காவது ஏத்துமா, ஏத்தாதா? இதை மட்டும் துலாக்கோல் சொல்லட்டும். ஏத்தும்னா ஆபத்து. ஏத்தாதுன்னா பாதுகாப்பு."

நிரல் அறையின் திரையில் வந்ததும் ஆதிமூலத்தின் சிரிப்பு மறைந்தது. அதைப் படித்து முடிக்க அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "ஜெசி, இது வேணாம்," என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

துலாக்கோல் யோசித்தது. வழக்கமாகக் கண் இமைப்பதற்குள் பதில் சொல்லிவிடும் இயந்திரம் இந்த முறை எல்லோரையும் காக்க வைத்தது. ஒருவர் இருமினார். மின்விசிறியின் சத்தம் கேட்டது. கடைசியில் திரையில் 'ஆபத்து' என்று வந்தது.

"அதாவது விளக்கு எரியும்னு சொல்லுது," என்றாள் ஜெசிந்தா. "இப்ப ஓட்டிப் பாக்கலாம்."

ஓட்டினாள். மறுபடியும் அதே காத்திருப்பு. பிறகு திரையில் 'முடிந்தது' என்று வந்தது. விளக்கு எரியவில்லை.

"எரியலையே?" என்றார் நடுவர்.

"இனிமேலும் எரியாதும்மா. புரோகிராம் முடிஞ்சிடுச்சு."

"அப்போ துலாக்கோல் பாதுகாப்புன்னு சொல்லியிருக்கணும்."

"பாதுகாப்புன்னு சொல்லியிருந்தா விளக்கு எரிஞ்சிருக்கும்."

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "விளக்கமாச் சொல்லுங்க."

"எந்த புரோகிராமும் துலாக்கோலைக் கூப்பிட்டுக் கேட்கலாம்னு சட்டமே சொல்லுது. என் புரோகிராம் செய்யறது அது மட்டும்தான். 'என்னைப் பத்தி நீ என்ன நினைக்கிற?'ன்னு துலாக்கோல்கிட்டயே கேட்கும். நீ ஏத்துவேன்னு அது சொன்னா, ஏத்தாம முடிச்சுக்கும். நீ ஏத்த மாட்டேன்னு சொன்னா, ஏத்திடும்."

"அது எதைச் சொன்னாலும் தப்பாயிடும்."

"ஆமாம்மா."

ஆதிமூலம் எழுந்தான். "மேடம், இது ஒரு தந்திரம். வேணும்னே சிக்க வைக்கிறதுக்காக எழுதினது. எங்களைக் கூப்பிடற நிரல்களை ஏத்துக்க மாட்டோம்னு ஒரு விதி போட்டா முடிஞ்சுது."

"கூப்பிட மாட்டேன். துலாக்கோலையே நகல் எடுத்து என் புரோகிராமுக்குள்ள வச்சுக்குவேன்," என்றாள் ஜெசிந்தா. "நீ அடுத்த துலாக்கோலைச் செய். அதுக்கு ஏத்த மாதிரி அடுத்த விளக்கை நான் கொண்டு வரேன். உனக்கே தெரியும் ஆதி, இதுக்கு முடிவே கிடையாது. நீ நல்லாச் செய்யலைங்கறது குற்றச்சாட்டு இல்ல. யாராலயும் செய்ய முடியாத ஒண்ணைச் செஞ்சுட்டோம்னு சொல்லி விக்கறீங்க."

நடுவர் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். அவர் மனம் வேறொன்றில் நின்றிருந்தது. "ஆதிமூலம், எனக்கு ஒரு சந்தேகம். எப்பவும் உடனே பதில் வரும். இந்த விளக்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் ஆச்சு?"

 ஆதிமூலம் பொய் சொல்லத் தெரியாதவன் என்பது ஜெசிந்தாவுக்கு நினைவு வந்தது.

"ஒரு நேர எல்லை வச்சிருக்கோம் மேடம். அதுக்குள்ள முடிவு கிடைக்கலைன்னா, ஆபத்துன்னு சொல்லிடும்."

"இசக்கிராஜாவோட நிரலுக்கு?"

"அதுவும்... எல்லையைத் தொட்டுது."

"அப்படின்னா என்ன அர்த்தம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"அதுக்குத் தெரியலைன்னு அர்த்தம், மேடம்."

இசக்கிராஜா முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டான். இத்தனை நாளும் தான் ஒரு கொலைகாரப் பொருளைச் செய்துவிட்டதாக நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடந்தவன் அவன்.

"ஆனா மேடம்," ஆதிமூலத்தின் குரல் கெஞ்சுவதுபோல் ஆனது, "தெரியாததை ஆபத்துன்னு சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்? எச்சரிக்கையாத்தானே இருக்கோம்?"

பியூலா எழுந்து நின்றாள். நடுவரின் அனுமதியைக் கேட்கவில்லை.

"நஷ்டமா சார்? பழைய புரோகிராமப் போட்டுட்டு, உங்ககூட இந்த ஆபீஸ் படிய ஏறி வாரேன். நடுவுல எத்தனை இடத்துல உக்காருதேன்னு நீங்களே நின்னு பாருங்க. அப்புறம் சொல்லுங்க, நஷ்டம் யாருக்குன்னு."

 வழக்கு முடிந்துவிட்டது என்று ஜெசிந்தா நினைத்தாள். தன் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

"இருங்க," என்றார் நடுவர். "துலாக்கோலுக்குத் தெரியலை. சரி. உங்களுக்குத் தெரியுமா? இந்த நிரல் பாதுகாப்பானதா? நீங்க சொல்லுங்க."

இதைத்தான் அவள் யோசிக்காமல் விட்டிருந்தாள். நிரலை அவள் முழுவதும் படித்திருந்தாள். பம்பை இயக்கும் அடிப்படைப் பகுதி சுத்தமாக இருந்தது, அதை நிரூபிக்க முடிந்தது. கற்றுக்கொள்ளும் பகுதி அப்படி இல்லை. அது நாளுக்கு நாள் தன்னையே மாற்றிக்கொண்டது. இன்று படித்தது நாளை அங்கே இருக்காது. எவ்வளவு முயன்றும் அவளால் அதைப் பற்றி ஒரு வரிகூட உறுதியாக எழுத முடியவில்லை. திரும்பிப் பார்த்தாள். பியூலா அவளையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியாதும்மா," என்றாள் ஜெசிந்தா.

ஆதிமூலம் வியப்போடு நிமிர்ந்தான்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். எல்லா புரோகிராமுக்கும் பதில் சொல்ற இயந்திரம்தான் கிடையாது. ஏதாவது ஒரு புரோகிராமுக்கு உறுதியாப் பதில் சொல்ல முடியும், அது சின்னதா, எளிமையா இருந்தா. அதனால ஒரு காவல் நிரல் எழுதறேன். கத்துக்கற பகுதி என்ன வேணா கேட்கட்டும். பம்புக்குப் போறதுக்கு முன்னால என் காவலைத் தாண்டித்தான் போகணும். இந்த வேகத்துக்குக் கீழே விடாது, இந்த வேகத்துக்கு மேலே விடாது. காவலுக்கு வேற வேலையே இல்ல. அது தவறாதுன்னு என்னால நிரூபிக்க முடியும். உள்ள இருக்கறது எனக்குத் தெரியாது. அதைச் சுத்தி இருக்கற வேலி எனக்குத் தெரியும்."

"வேலி தப்பாப் போனா?"

"நான் கையெழுத்துப் போடறேன். என் மேல வழக்குப் போடுங்க."

 சொன்னதற்காக அவள் வருந்தவில்லை. இயந்திரத்தின் பதிலுக்குப் பின்னால் யாரும் நின்றதில்லை. தன் பதிலுக்குப் பின்னால் தான் நிற்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

நடுவர் மூன்று உத்தரவுகள் போட்டார். இனி துலாக்கோல் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவற்றை மனிதர்கள் படித்துப் பார்க்க வேண்டும். பியூலா காவல் நிரலோடு கடலில் ஒரு சோதனை ஓட்டம் போக வேண்டும். அந்தப் படகில் இரு தரப்பும் உடன் இருக்க வேண்டும்.

சோதனை நாளில் காற்று கொஞ்சம் பலமாகவே அடித்தது. துறைமுக வாயிலுக்கு வெளியே ஒரு நிலக்கரிக் கப்பல் காத்து நின்றது. பியூலா சுக்கானைப் பிடித்து நின்றாள். இத்தனை காலம் வீட்டில் அடைபட்டிருந்தவள் போலவே தெரியவில்லை. வடம் கட்டுபவர்களை அதட்டினாள், சிரித்தாள், ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டபோது ஓவென்று கூவினாள். ஆதிமூலம் முகம் வெளுத்துப்போய்க் கம்பியைக் கட்டிப் பிடித்திருந்தான்.

"சார், தூரத்துல கரையப் பாருங்க. கீழ பாக்காதீய," என்றாள் பியூலா.

வடம் மாட்டியாயிற்று. அது இன்னும் தளர்வாகவே கிடக்க, படகை அலைக்கு எதிரே திருப்ப அவள் இன்ஜினை முழு வேகத்துக்குத் தள்ளினாள். படகின் தளம் காலடியில் தடதடவென்று அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில், பம்பை இயக்க அவள் இடுப்பில் கட்டியிருந்த பெட்டியிலிருந்து ஒரு கூர்மையான ஒலி எழுந்தது.

இசக்கிராஜா கையிலிருந்த திரையைப் பார்த்தான். பார்த்தபடியே நின்றான். ஜெசிந்தா அருகில் போனாள்.

"காவல் பிடிச்சிருக்கு மேடம்," என்றான்.  "உள்ள இருக்கது வேகத்தக் கூட்டு, கூட்டுன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. இன்ஜின் அதிருததப் பியூலாக்கா ஓடுதாவன்னு நினைச்சிருக்கு. நிக்கவே மாட்டேங்குது. உங்க வேலி இல்லன்னா பம்பு கண்ணுமண்ணு தெரியாம சுத்தி, இதயச் சுவரையே உள்ள இழுத்து அடைச்சிருக்கும். கரையில இத எப்படி நான் பாத்திருப்பேன்? அங்க இன்ஜின் ஏது?"

"இப்ப பம்பு எப்படி ஓடுது?"

"மேல் எல்லையில நிக்குது. ரத்த ஓட்டம் நல்லாத்தான் இருக்கு." திரையிலிருந்து நிமிர்ந்தான். "மேடம், அப்ப துலாக்கோல் சொன்னது சரிதான? என் புரோகிராம் ஆபத்துதான்."

ஆதிமூலம் கம்பியை விட்டுவிட்டு அவர்கள் பக்கம் தட்டுத்தடுமாறி வந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். அவன் முகத்தில் வெற்றி இல்லை, திகைப்புத்தான் இருந்தது.

"சரியாச் சொல்லியிருக்கு, ஜெசி."

"ஆமா. சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றாள் ஜெசிந்தா.  "இன்ஜினைப் பாத்து சொல்லிச்சா? அதிர்வைப் பாத்து சொல்லிச்சா?"

"இல்ல. நேரம் முடிஞ்சுதுன்னு சொல்லிச்சு."

"அன்னைக்கு அதை நம்பியிருந்தா பழைய பம்போட இவ வீட்டுல கிடந்திருப்பா. இசக்கி ஜெயில்ல இருந்திருப்பான். இன்ஜின் விஷயம் யாருக்குமே தெரிஞ்சிருக்காது. நாளைக்கு வேற எவனோ இதே தப்பைச் செஞ்சு, அதைத் துலாக்கோல் நேர எல்லைக்குள்ளயே பாத்து முடிச்சு, இன்ஜினை யோசிக்காம பாதுகாப்புன்னு சொல்லிடலாம்."

ஆதிமூலம் கடலைப் பார்த்தான். "நடுவர்கிட்ட என்ன சொல்லப் போற?"

"நடந்ததை. இவன் புரோகிராம் தப்புப் பண்ணிச்சுன்னு சொல்லப் போறேன். உன் இயந்திரம் சொன்ன பதில் சரின்னும் சொல்லப் போறேன். நீயும் கூட நின்னு, அது எப்படிச் சரியாச்சுன்னு சொல்லு."

அவன் மெதுவாகத் தலையசைத்தான்.

"என்ன டீச்சர், அங்க குசுகுசுன்னு பேச்சு?" பியூலா சுக்கானிலிருந்து கையை எடுக்காமல் கத்தினாள். "பெட்டி ஏன் கத்துது?"

ஜெசிந்தா அவளிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னாள். இன்ஜின் அதிர்வை, நிரல் கேட்டதை, விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை. இசக்கிராஜா பின்னாலேயே வந்து நின்றான்.

"கரைக்குப் போனதும் எடுத்துருதேன்க்கா," என்றான். "பழசையே போட்டுருவோம்."

பியூலா முன்னால் இருந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், அது கேட்டதும் வேலி விட்டுதா?"

"விடல."

"இனி விடுமா?"

"விடாது. அதை நான் நிரூபிச்சிருக்கேன்."

"அப்புறம் என்னல, எடுக்கப் போறானாம்!" என்று இசக்கிராஜாவைப் பார்த்து அதட்டினாள். "இன்ஜின்னா என்ன, மனுஷின்னா என்னன்னு அதுக்குச் சொல்லிக் குடு. திருத்து. எடுக்காத."

இசக்கிராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே திரையோடு உட்கார்ந்துவிட்டான். பெட்டி இன்னொரு முறை ஒலித்து அடங்கியது. பியூலா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. படகின் பின்பக்கம் திரும்பி, தளர்ந்து கிடந்த வடத்துக்கு அருகே நின்ற ஆதிமூலத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சார், அங்க நிக்காதீய, இப்பால வாங்க! வடம் இறுகப் போவுது."

ஆதிமூலம் அவசரமாக ஒதுங்கினான். வடம் தண்ணீரை உதறிக்கொண்டு மேலே எழுந்து, கம்பிபோல் நீண்டு நின்றது. அதன் மறுமுனையில் அந்தப் பெரிய கப்பல் மெல்ல அசைந்து கொடுத்தது.